மூடியில் எழுதியவர்

அத்தியாயம் 9

முந்தைய எட்டு அத்தியாயங்களைத் தவறவிட்டவர்கள் மனம் உடைய வேண்டாம். எட்டிலும் சேர்த்து நடந்தது இவ்வளவுதான்: க்ரான்டேல் காளான் ஆய்வு நிலையத்தில் பத்தொன்பது வருஷமாக உதவியாளராக இருக்கும் டெல்லா க்ரீடி, அங்கிருந்து ஒரு புதுக் காளான் ரகத்தைத் திருடிவிட்டாள் என்று இயக்குநர் டாக்டர் கைல்ஸ் வின்டன் புகார் கொடுத்தார். "அது நான் உருவாக்கின காளான். அவர்தான் எடுத்துக்கிட்டார்" என்றாள் டெல்லா. ஊர் சிரித்தது. தட்டுக் கழுவுகிறவள் எங்கே, பெயருக்குப் பின்னால் ஏழு எழுத்துப் போட்டுக்கொள்கிறவர் எங்கே.

இன்று பிற்பகல் மூன்று மணிக்கு, டெல்லாவின் கொட்டகையிலிருந்து அள்ளிக்கொண்டு போன நானூறு மரக்கட்டைகளையும் நிலையத்து முற்றத்தில் வைத்துக் கொளுத்தப் போகிறார்கள். டெல்லாவின் காளான் அந்தக் கட்டைகளுக்குள்தான் உயிரோடு இருக்கிறது. வேறெங்கும் அவளுக்கு அதன் வேர் போன்ற வெள்ளை நூல் ஒன்றுகூட மிச்சமில்லை. கட்டை எரிந்தால் வேலையும் போகும், பெயரும் போகும்.

இப்போது மணி பதினொன்றரை. ரீஃப்டன் ஊரில் மழை பெய்துகொண்டிருந்தது. அதைச் செய்தி என்று சொன்னால் ரீஃப்டன்காரர்கள் சிரிப்பார்கள்.

பேக்கரி வாசலில் ஒரு பக்கக் கதவு திறக்காத டீசல் வேனுக்குள் நோலீன் ஹேவில் போனை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருஷம் விமான நிலையத்தில் பிறத்தியார் பெட்டியைக் குடைந்து, ஒளித்து வைத்த மாம்பழத்தையும் மண் ஒட்டிய பூட்ஸையும் பிடித்துக்கொண்டிருந்தவள். பயணிகளிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்று சுற்றறிக்கை வந்த வாரம் வேலையை விட்டாள். அதற்குப் பிறகு துப்பறிகிறாள். மரியாதை இன்னும் வரவில்லை.

பக்கத்தில் பெசமினோ, சுருக்கமாகப் பெசா. ஆக்லாந்தில் வளர்ந்த சமோவாக்காரன். ரக்பி ஆடி முழங்கால் போனதால் அவளிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன். இரண்டாவது சாஸேஜ் ரோலின் கதையை முடித்துக்கொண்டிருந்தான்.

போன் அடித்தது. கிரைஸ்ட்சர்ச் பரிசோதனைக் கூடத்திலிருந்து பானியா. நோலீன் ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"ரெண்டும் ஒரே காளான்தான் நோலீன்" என்றாள் பானியா. "உட்கருவில இருக்கிற டி.என்.ஏ. அச்சு அசல் அப்படியே. கோடி விதைத்தூள்ல ரெண்டே ரெண்டு ஜோடி சேந்து பிறந்த ரகம் இது. தனித்தனியா ரெண்டு இடத்தில பிறக்க வாய்ப்பே இல்ல. ஒண்ணுலேர்ந்துதான் இன்னொண்ணு வந்திருக்கு."

"அதத்தான் வின்டன் ஊர் முழுக்கத் தம்பட்டம் அடிக்கிறானே. இதச் சொல்லவா பத்து நாள் எடுத்துக்கிட்ட?"

"பொறு. மைட்டோகாண்ட்ரியா ஒத்துப் போகல."

பெசா மெல்லுவதை நிறுத்தினான். அது அபூர்வம்.

"டெல்லா கட்டையில இருக்கிறது நம்ம காட்டு ஷிடாக்கேக் காளானோட மைட்டோகாண்ட்ரியா. வின்டன் வளக்கிற பையில இருக்கிறது கடையில விக்கிற ஜப்பான் ஷிடாக்கேயோடது. ரெண்டையும் மாத்திச் சொல்லவே முடியாது. அந்த ரெண்டு வம்சமும் பிரிஞ்சு பல லட்சம் வருஷம் ஆச்சு. நம்ம காட்டு வம்சத்தில நாலு ஓசித் துண்டு ஏறி உக்காந்திருக்கு. எங்கேர்ந்தோ வந்து, டி.என்.ஏ.வுக்கு நடுவில பாய் விரிச்சுப் படுத்துக்கிட்ட துண்டுங்க. அப்புறம் கிளம்பவே இல்ல. ஜப்பான் வம்சத்தில அதுல ஒண்ணுகூடக் கிடையாது."

"எங்க சித்தப்பாவும் அப்படித்தான்" என்றான் பெசா. "ரெண்டு நாள் தங்கிட்டுப் போறேன்னு வந்தாரு. பதினோரு வருஷமாச்சு."

நோலீன் போனை வைத்தாள். மழையைப் பார்த்தாள். மழையும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"ரெண்டும் வேற வேறன்னா நல்ல செய்திதானே பாஸ்?"

"ரெண்டும் ஒண்ணுதான், அடுப்பு மட்டும் வேற. கவனமாக் கேளு, ரெண்டாவது தடவ சொல்ல மாட்டேன். ஒரு கண்ணாடித் தட்டு. ஒரு ஓரத்தில காட்டுக் காளானோட நூல். எதிர் ஓரத்தில ஜப்பான் நூல். ரெண்டும் வளந்து நடுவில சந்திக்குது. கல்யாணம்."

"சாப்பாடு உண்டா?"

"சந்திச்சதும் ரெண்டு வீட்டு வேலியும் போச்சு. இந்த வீட்டு உட்கரு அந்த வீடு முழுக்கப் போகும், அந்த வீட்டு உட்கரு இங்க வரும். கடைசில தட்டு முழுக்க ஒரே குடும்பம். ஆனா அடுப்ப மட்டும் யாரும் தூக்கிட்டுப் போறதில்ல. மைட்டோகாண்ட்ரியாதான் அந்த அடுப்பு. காட்டு வீட்டு அடுப்பு காட்டுப் பக்கத்திலயே கிடக்கும். ஜப்பான் அடுப்பு ஜப்பான் பக்கத்திலயே கிடக்கும்."

"அப்ப எந்தப் பக்கம் வெட்டி எடுத்தாலும் ஆளுங்க ஒண்ணு, அடுப்பு வேற."

"உனக்கே புரிஞ்சிடுச்சுன்னா நிர்வாகக் குழுவுக்கும் புரியும்" என்று நோலீன் வண்டியைக் கிளப்பினாள். எதிரே ஒரு பேருந்து சேற்றை வாரி அடித்துக்கொண்டு போனது. அதன் முதுகில் ஆளுயரத்துக்கு வின்டனின் படம். கையில் ஒரு காளான். கீழே கொட்டை எழுத்தில்: நம் காட்டுத் தாய் பெற்ற காளான்.

நோலீன் பிரேக்கை மிதித்தாள். பெசாவின் மூன்றாவது சாஸேஜ் ரோல் முன்கண்ணாடியில் மோதியது.

"காட்டுத் தாய்" என்றாள் அவள். "அவன் பவிசே அதுதான். அமைச்சரக் கூட்டிட்டு வந்து படம் எடுத்தானே, இந்த மண்ணோட அடுப்பு, இந்த மண்ணோட வம்சம்னு. அப்ப அவன் காட்டுப் பக்கம்தானே வெட்டியிருக்கணும்? எதுக்கு ஜப்பான் பக்கம் வெட்டினான்?"

"தெரியாம வெட்டியிருப்பாரு."

"உள்ளங்கையில அடங்கற தட்டு. ரெண்டே பக்கம். ஏழு எழுத்துப் படிச்சவன் எப்படிடா பக்கம் மாத்தி வெட்டுவான்?"

"ஏழு எழுத்திலயும் வலது இடது சொல்லித் தரலையோ என்னமோ" என்றான் பெசா, கண்ணாடியில் ஒட்டியிருந்ததை வழித்துத் தின்றபடி.

டெல்லாவின் வீடு ஊருக்கு வெளியே, நிலக்கரிப் புகை சுற்றி நிற்கும் ஒரு பள்ளத்தில் இருந்தது. கொட்டகைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே கட்டைகள் இருந்த இடத்தில் ஈரத் தடம் மட்டும் வரிசை வரிசையாகத் தெரிந்தது. டெல்லா சமையலறையில் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான பெண்மணி, நாற்பத்தெட்டு வயது. வேலையிலிருந்து நிறுத்தி வைத்த பிறகும் மேல்பையில் ஆய்வகப் பேனா குத்தியிருந்தது.

நோலீனுக்கு இவளைப் பார்த்தாலும் எரிச்சல்தான் வந்தது. சொந்தக் காட்டில் விழுந்து கிடந்த பீச் என்கிற காட்டு மரத்தில் காட்டுக் காளான் எடுத்து, சூப்பர் மார்க்கெட்டில் ஜப்பான் காளான் வாங்கி, வீட்டில் வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரிக்குள் துண்டுகளுக்கும் பனியன்களுக்கும் நடுவே தட்டுகளை அடுக்கி, நாலு வருஷம் மெனக்கெட்டு ஒரு ரகத்தை உருவாக்கியவள். உருவாக்கியதும் என்ன செய்தாள்? ஒரு தட்டை மட்டும் கொண்டுபோய் அபிப்பிராயம் சொல்லுங்கள் என்று வின்டன் கையிலேயே கொடுத்தாள். ரசீது கிடையாது. படம் கிடையாது. நல்லவர்களின் இந்த அசட்டுத்தனத்துக்கு மருந்தே இல்லை என்று நோலீன் நினைத்தாள்.

"அந்தத் தட்ட வாங்கிட்டு என்ன சொன்னான்?"

"'சுவாரஸ்யமா இருக்கு'ன்னார்."

"திருடன் எல்லாம் அதத்தான் சொல்லுவான். டெல்லா, உங்க கட்டைக்கெல்லாம் விதை எடுத்தது எந்தத் தட்டிலேர்ந்து?"

"அதே தட்டுதான். அவருக்குக் குடுக்கறதுக்கு முன்னாடியே காட்டுப் பக்கத்து ஓரத்தில, ஊசி முனை அளவு கிள்ளி எடுத்துட்டேன். மறுநாளே அந்த இடம் மூடி வளந்திடும். தடம்கூடத் தெரியாது."

"காட்டுப் பக்கம் எது, ஜப்பான் பக்கம் எதுன்னு எங்க எழுதி வச்சீங்க?"

"தட்டோட அடியில."

"மூடியில இல்லையா?"

டெல்லா அன்று முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். அடுப்பில் செருப்பு வைத்துச் சமைப்பீர்களா என்று கேட்டதைப் போல இருந்தது அந்தப் பார்வை.

"மூடியில எவன் எழுதுவான்? மூடி கழண்டு வரும். சுத்தும். பக்கத்துத் தட்டு மூடியோட மாறிக்கும். வேலைக்குச் சேந்த முதல் நாள், முதல் மணி நேரம் சொல்லிக் குடுக்கறது அது. எங்க யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. அடியில எழுது, கவுத்து வை."

நோலீன் எழுந்தாள். கோட்டை மாட்டினாள்.

"கிளம்புங்க. நீங்களும் வரணும்."

"எனக்கு உள்ள போக அனுமதி இல்ல. வின்டன் எடுத்து வச்சிருக்கிற தட்டோட படத்தக் காட்டினாங்களே. அது என் தட்டு இல்ல, நோலீன். அவர் கையெழுத்துதான் இருக்கு, மூடி மேல..."

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். நோலீன் அவளுடைய கோட்டை எடுத்து மடியில் போட்டாள்.

"இப்பவாவது வருதே. வண்டில ஏறுங்க. கதவு அந்தப் பக்கம் திறக்காது, இவன் மேல ஏறித்தான் போகணும்."

"மெத்துனு இருக்கும், பயப்படாதீங்க" என்றான் பெசா.

நிலையத்து முற்றத்தில் நானூறு கட்டைகளும் இரண்டு இழுவண்டிகளில் தார்ப்பாய் மூடிக் கிடந்தன. பக்கத்தில் இருபது லிட்டர் டீசல் கேன். ஒரு ஆள் குடை பிடித்து அதற்குக் காவல் நின்றான். டெல்லா கேனைப் பார்த்தாள். கட்டைகளைப் பார்க்காமல் உள்ளே நடந்தாள்.

கூட்ட அறையில் நிர்வாகக் குழுத் தலைவி மெர்ல் ஹிஸ்லாப் உட்கார்ந்திருந்தார். எழுபது வயது, மாட்டுப் பண்ணைக்காரி, காளானைச் சாப்பிடுவதோடு சரி. சாட்சிக்காக ஆய்வக ஊழியர்கள் மூன்று பேர் வெள்ளைக் கோட்டோடு சுவரோரம் நின்றார்கள். மேசையின் தலைமாட்டில் டாக்டர் கைல்ஸ் வின்டன். அவருடைய வெள்ளைக் கோட்டில் மட்டும் இஸ்திரி மடிப்பு இருந்தது, கறை இல்லை.

"மிஸஸ் ஹேவில்" என்றார் வின்டன். "மணி ரெண்டேகால். முக்கால் மணி நேரம் இருக்கு. பெட்டி கிட்டி சோதனை போடணும்னா போட்டுக்குங்க."

"பெட்டி வேண்டாம். தட்டு போதும். அந்தத் தட்டக் கொண்டு வரச் சொல்லுங்க."

வின்டன் ஹிஸ்லாப்பைப் பார்த்துச் சிரித்தார். பயமில்லாதவர்களின் சிரிப்பு. சாவியைத் தானே எடுத்துக்கொண்டு போய், தானே குளிர் அலமாரியைத் திறந்து, தானே தட்டைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார். சுற்றிலும் டேப், டேப்பின் மேல் அவர் கையெழுத்து. மூடியில் நடுவே ஒரு கோடு. கோட்டுக்கு ஒரு பக்கம் 'காடு', மறுபக்கம் 'ஜப்பான்'. 'காடு' என்ற எழுத்துக்கு நேர் கீழே, நூல் படர்ந்த வெள்ளைப் பரப்பில் நகக்கண் அளவுக்குச் சதுரமாக வெட்டிய பள்ளம்.

"அஞ்சு கேள்வி" என்றாள் நோலீன். "இந்தத் தட்டு யாரோடது?"

"என்னோடது. நான் உருவாக்கினது."

"வேற யாராவது தொட்டதுண்டா?"

"சத்தியப் பிரமாணமே எழுதிக் குடுத்திருக்கேன். என்னத் தவிர யாரும் தொடல. சாவி ஒண்ணுதான். ஒரே ஒரு தடவ வெட்டினேன், அன்னிக்கே சீல் வச்சேன். ரெண்டு வருஷமா சீல் பிரிக்கல."

"இங்க இருக்கிற அத்தனை பைக்கும் விதை அந்த ஒரு துண்டுதானா?"

"அத்தனைக்கும்."

"டெல்லா என்னத்தத் திருடினாங்க?"

"வளர்ப்பு அறையிலேர்ந்து ஒரு பை. மே மாசம். இதெல்லாம் புகார்லயே இருக்கே, படிக்கத் தெரியும்தானே உங்களுக்கு?"

"எழுத்துக் கூட்டிப் படிப்பாங்க" என்றான் பெசா. "பேருக்குப் பின்னாடி எழுத்து இல்லாததால கொஞ்சம் நேரம் பிடிக்கும்."

நோலீன் தட்டை அவர் பக்கம் தள்ளினாள். "கடைசிக் கேள்வி. எந்தப் பக்கம் வெட்டினீங்க?"

"காட்டுப் பக்கம். பாத்தாலே தெரியுதே." விரலால் பள்ளத்தைத் தொட்டுக் காட்டினார். "அதுதான் இந்தக் காளானோட சிறப்பே. தாய் நம்ம காடு."

"அது ஜப்பான் பக்கம்" என்றாள் டெல்லா.

அவள் வாசற்படியில்தான் நின்றுகொண்டிருந்தாள். மேசைக்கும் அவளுக்கும் நாலு கஜம் இருந்தது.

"காட்டு நூல் பழசானா ஓரத்தில டீக்கறை மாதிரி பழுப்பு தட்டும். ஜப்பான் நூல் கடைசி வரைக்கும் வெள்ளையாத்தான் இருக்கும். நீங்க வெட்டினது வெள்ளையில."

வின்டன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். "இவங்க கண்ணு மைக்ராஸ்கோப் போல. மெர்ல், இன்னும் எவ்வளவு நேரம் இந்தக் கூத்து?"

நோலீன் பானியாவின் அறிக்கையை ஹிஸ்லாப்பின் முன்னால் போட்டாள். வேனில் சொன்ன அடுப்புக் கதையை இரண்டாவது தடவை சொன்னாள், பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு முடிவைச் சொன்னாள்: நிலையத்திலிருந்து சோதனைக்கு எடுத்த மூன்று பையிலும் ஜப்பான் அடுப்பு. டெல்லாவின் கட்டையில் காட்டு அடுப்பு.

ஹிஸ்லாப் கண்ணாடியை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினார். "அப்ப பேருந்துக்குப் பின்னாடி போட்டிருக்கிற காட்டுத் தாய்?"

"பொய்" என்றாள் நோலீன். "அவருக்கே தெரியாத பொய். அதுதான் இன்னும் கேவலம்."

வின்டனின் கழுத்து சிவந்தது. ஆனால் ஆள் சாமான்யமா, இரண்டு நொடியில் சமாளித்துவிட்டார்.

"சரி, பக்கம் மாறிடுச்சு. சின்னக் கைப்பிசகு. காளான் அதே காளான்தானே? பேருந்துல எழுதினத மாத்திக்கலாம். திருட்டு திருட்டுதான். மணி ரெண்டரை ஆச்சு, தீக்குச்சி எடுக்கச் சொல்லலாமா?"

ஹிஸ்லாப் நோலீனைப் பார்த்தார். "அவர் சொல்றது நியாயமாத்தான் படுது. ஒரே காளான்தானே?"

"நீங்க மாடு வளக்கறவங்கதானே? உங்க மாட்டத் திருடிட்டேன்னு ஒருத்தன் மேல வழக்குப் போடறீங்க. அவன் தொழுவத்தில நிக்கிறது உங்க கிட்ட இல்லவே இல்லாத மாடுன்னா?"

ஹிஸ்லாப் அறிக்கையை மறுபடி தன் பக்கம் இழுத்தார்.

"டெல்லா இவரோட பையத் திருடியிருந்தா, கட்டையில ஜப்பான் அடுப்புதான் இருக்கணும். அடுப்பு மாறவே மாறாது. அதனாலதான் பல லட்சம் வருஷத்து வம்சத்த அத வச்சுப் பிரிக்கறாங்க. டெல்லா கட்டையில இருக்கிறது காட்டு அடுப்பு. இந்த நிலையத்தில இந்த ரகத்தோட காட்டு அடுப்பு எங்க இருக்கு? ஒரே ஒரு இடத்தில. இதோ, இந்தத் தட்டோட வெட்டாத பாதியில. இவரோட பூட்டுக்குள்ள, இவரோட சீலுக்குள்ள. ரெண்டு வருஷமா யாரும் தொடலன்னு சத்தியம் பண்ணியிருக்காரு. டெல்லாவோட காளான் இங்கேர்ந்து போயிருக்கவே முடியாது மெர்ல். ஒண்ணுலேர்ந்துதான் இன்னொண்ணு வந்திருக்குன்னா, போனது எந்தத் திசைன்னு நீங்களே சொல்லுங்க."

ஹிஸ்லாப் அறிக்கையை மூடினார். மெல்லத் தலையைத் திருப்பி வின்டனைப் பார்த்தார்.

"கதை" என்றார் வின்டன். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. "இது என் தட்டு. என் கையெழுத்து. இதுல டெல்லாவோட ஒரு எழுத்து, ஒரு புள்ளி இருக்கா காட்டுங்க."

"மூடியிலயா எழுதினீங்க?"

கேட்டது நோலீன் இல்லை. சுவரோரம் நின்ற மூன்று ஊழியர்களில் மூத்தவள், ட்ரூடி. கேட்க வேண்டும் என்று நினைத்துக் கேட்டதாகத் தெரியவில்லை. தன்னை அறியாமல் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த இருவரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவன் தோள் குலுங்கியது.

"மூடியிலதான் எழுதியிருக்காரு" என்றாள் நோலீன். "அமைச்சர் வந்தப்ப திறந்து காட்டினாரு. படம் எடுத்தாங்க. மூடிட்டாரு. மூடி அரை வட்டம் சுத்திடுச்சு. அப்புறம் வந்து, எழுத்தப் பாத்து வெட்டினாரு. காட்டுத் தாய் ஜப்பான் தாய் ஆயிட்டா. மெர்ல், இந்தத் தட்டக் கவுத்துங்க."

ஹிஸ்லாப் இரண்டு கையாலும் தட்டைத் தூக்கி மெதுவாகக் கவிழ்த்தார்.

அடியில் ஒன்றுமே இல்லை. பளிச்சென்று துடைத்த கண்ணாடி. எழுத்தில்லை, கோடில்லை, புள்ளியில்லை. டெல்லா கண்ணை மூடிக்கொண்டாள்.

வின்டன் சாய்ந்து உட்கார்ந்தார். உதட்டில் அந்தப் பழைய சிரிப்பு திரும்ப வந்து உட்கார்ந்தது. "பாத்தீங்களா? சுத்தமா இருக்கு."

"ஆமா, சுத்தமா இருக்கு" என்றாள் நோலீன். "ட்ரூடி, நீ இங்க எத்தன வருஷமா இருக்க?"

"பதினாலு."

"அடியில எதுவும் எழுதாத தட்டு, உள்ள காளானோட, எப்பவாவது பாத்திருக்கியா?"

ட்ரூடி வின்டனைப் பார்க்கவில்லை. தட்டையே பார்த்தாள். "பாத்ததில்ல. காலித் தட்டு அலமாரில கழுவி வச்சிருக்கிறது மட்டும்தான் அப்படி இருக்கும். நூல் வைக்கறதுக்கு முன்னாடி அடியில எழுதிடுவோம். எழுதாம நூல் வைக்கறது... எங்களுக்குக் கை வராது."

"கேட்டீங்களா மெர்ல்? இந்தத் தட்டுல காட்டு நூலையும் ஜப்பான் நூலையும் நேருக்கு நேர் வச்சவங்க கைத்தொழில் தெரிஞ்சவங்க. அவங்க அடியில எழுதாம இருந்திருக்க முடியாது. எழுதியிருந்தாங்க. அத ஸ்பிரிட் போட்டுத் துடைச்சவர் ஒருத்தர். துடைக்கறதுக்கு முன்னாடி அதப் பாத்துக் காப்பி அடிச்சு மூடியில எழுதிக்கிட்டாரு, பாவம், பரீட்சையில பக்கத்துப் பேப்பரப் பாக்கறவன் கணக்கா. அடிதான் எழுதற இடம்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தா துடைச்ச இடத்திலயே தன் பேர எழுதியிருப்பாரு. நாமளும் ஏமாந்து போயிருப்போம். இவ்வளவு சுத்தமாத் துடைக்கத் தெரிஞ்சவருக்கு அதுதான் தெரியல. இருபது வருஷமா இயக்குநர். ஒரு தட்டக்கூடத் திருப்பிப் பாத்ததில்ல."

வின்டன் தட்டைத் தன் பக்கம் இழுக்கக் கை நீட்டினார். மூன்று வெள்ளைக் கோட்டுகளும் அவரையே பார்த்தன. இதுவரை அவர்கள் முகத்தில் அவர் பார்த்தது பயம். இப்போது இருந்தது வேறு. அவர் கையை இழுத்துக்கொண்டார்.

ஹிஸ்லாப் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். மழைச் சத்தம் உள்ளே வந்தது. "ஏய், குடைக்காரரே. அந்தக் கேன எடுத்துட்டுப் போங்க. கட்டைங்கள இவங்க கொட்டகையில எப்படி இருந்துச்சோ அப்படியே கொண்டுபோய் அடுக்கணும். இப்பவே."

"கேன நான் எடுத்துக்கிறேன்" என்று பெசா எழுந்தான். "எங்க வண்டியும் டீசல்தான். காவல் நின்னவரு களைச்சுப் போயிருப்பாரு."

டெல்லா மேசையருகே வந்தாள். மேல்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். கவிழ்ந்திருந்த தட்டின் அடியில் ஒரு கோடு போட்டாள். ஒரு பக்கம் 'காடு', மறுபக்கம் 'ஜப்பான்'. கீழே இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. அதற்கும் கீழே தன் பெயர். எல்லாம் பொடி எழுத்து, பத்தொன்பது வருஷமாக அவள் எழுதும் அதே எழுத்து.

பிறகு தட்டை நிமிர்த்தி டேப்பைக் கிழித்தாள். ட்ரூடி கேட்காமலே புது மூடி ஒன்றைக் கொண்டு வந்து நீட்டினாள். டெல்லா பழைய மூடியைத் தூக்கி, கண் இமைக்கும் நேரத்தில் புதியதை வைத்து மூடினாள். தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசல் வரை போனவள், ஏதோ ஞாபகம் வந்ததைப் போலத் திரும்பி வந்தாள்.

பழைய மூடியை வின்டனின் முன்னால் வைத்தாள்.

"இது உங்களோடது டாக்டர். உங்க கையெழுத்து இருக்கு."